நாலு வாரக் கெடு: ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பற்றி இரண்டே பத்தி எழுதினேன். மகள் எடின்பரோவில் இருப்பதால் அந்தப் பக்கம் போய்வருவது வழக்கம். சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால், ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் மசோதாவைத்தான் தேடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த இரண்டு பத்திக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இந்த இதழ்ப் பகுதி முழுக்க அதற்கே.

லண்டனில் ஏற்கெனவே ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. எடின்பரோவில் இன்னொன்று எதற்கு? அது நாடாளுமன்றமா, நம் சட்டமன்றம் மாதிரியா?
— வாசகர், திண்டுக்கல்

பெயர் நாடாளுமன்றம். பார்க்கும் வேலை கிட்டத்தட்ட மாநிலச் சட்டமன்றத்துடையது.

1707-ல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது தன் நாடாளுமன்றத்தை இழந்தது. ஆனால் தன் நீதிமன்றங்களையும், தனிச் சட்ட முறையையும், திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. விளைவு விசித்திரமானது. சட்டம் தனி, நீதிபதிகள் தனி. அந்தச் சட்டத்தைத் திருத்த மட்டும் லண்டனுக்குப் போக வேண்டும். லண்டனிலோ நேரம் கிடைக்காது. இந்த ஆதங்கம்தான், தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்று கேட்ட 1997 செப்டம்பர் 11 வாக்கெடுப்பில் 74.3 சதவீத ஆதரவாக வந்தது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து சட்டம் 1998 நிறைவேறியது. 1999 மே 12 அன்று 129 உறுப்பினர்கள் முதன்முதலாகக் கூடியபோது, மூத்த உறுப்பினர் வின்னி யூயிங், 1707 மார்ச் 25-ல் ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதோ மறுபடி கூடுகிறது என்று அறிவித்தார். 292 ஆண்டு இடைவேளை! சட்டப்படி பார்த்தால் பழைய மன்றத்துக்கும் புதிய மன்றத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. இது முழுக்க லண்டன் போட்ட சட்டத்தில் பிறந்தது. ஆனாலும் அந்த அம்மா சொன்னதை அங்கே யாரும் மறக்கவில்லை. பின்னால் வரும் சண்டைகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு எண்ணங்களும் மோதிக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

நம்முடைய மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் போல அங்கேயும் மூன்று உண்டா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி

ஒன்றே ஒன்றுதான். அதுவும் 'தொடாதே' பட்டியல்.

1998 சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் லண்டனுக்கென்று ஒதுக்கிய விஷயங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் இல்லாதது எல்லாம் எடின்பரோவுக்கு. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம் என்று எதிர்பார்த்தவை மேலே இருக்கும். கொஞ்சம் கீழே இறங்கிப் படித்தால் அண்டார்க்டிகா வரும், விண்வெளி வரும், கடிகார நேரம்கூட வரும். கல்வி, மருத்துவமனை, காவல்துறை, விவசாயம், மீன்பிடி, உள்ளாட்சி எல்லாம் அப்படி ஒதுக்கப்படாததாலேயே எடின்பரோவின் கைக்கு வந்தவை. தேர்வில் எஞ்சிய அதிகாரம் யாருக்கு என்று கேட்டால் நினைவில் வையுங்கள்: இந்தியாவில் மத்திய அரசுக்கு, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு.

கோடு அவ்வப்போது நகரும். துப்பாக்கிக் கட்டுப்பாடு லண்டனுடையது. ஆனால் காற்றுத் துப்பாக்கியை மட்டும் 2012-ல் பிரித்துக் கொடுத்தார்கள். எடின்பரோ உடனே சட்டம் போட, 2016 கடைசி நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும் என்றாயிற்று.

இன்னொரு அட்டவணையையும் பார்த்துவிடுங்கள், நான்காவது. எடின்பரோ கை வைக்கக் கூடாத சட்டங்கள் அதில் இருக்கின்றன. மனித உரிமைச் சட்டம் அதில் ஒன்று. ஸ்காட்லாந்து சட்டத்தின் முக்கியப் பிரிவுகளும் அப்படித்தான். நான்காவது அட்டவணையை யாரும் படிப்பதில்லை, ஆனால் பெரிய வழக்குகளில் பல அங்கேதான் தோற்றிருக்கின்றன.

ஒரு மசோதா சட்டமாக அங்கே எத்தனை படி ஏற வேண்டும்?
— ஆசிரியை, தென்காசி

அவையில் மூன்று படி. முதலில் குழு சாட்சியம் கேட்டு, அடிப்படை நோக்கம் சரியா என்று அறிக்கை தரும். அதன் பேரில் அவை வாக்களிக்கும். இரண்டாவது படியில் வரி வரியாகத் திருத்தம். மூன்றாவதில் முழு அவையும் கடைசித் திருத்தங்களைப் பார்த்துவிட்டு நிறைவேற்றும் அல்லது தள்ளும். மேலவை கிடையாது. அதனால் குழுதான் சல்லடை.

இதெல்லாம் எந்த அவையிலும் இருப்பது. மசோதா உள்ளே வரும்போதே அதோடு வரும் இரண்டு சான்றுகளைத்தான் நான் மாணவர்களுக்கு வற்புறுத்திச் சொல்வேன். கொண்டுவருபவர், இது நம் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று எழுதித் தர வேண்டும். அது போதாது, சபாநாயகரும் தனியாக, தம் சட்ட ஆலோசகர்களைக் கேட்டு, உட்பட்டதா இல்லையா என்று தம் கருத்தை வெளியிட வேண்டும். ஆளும் கட்சி ஒன்று சொல்ல, சபாநாயகர் வேறொன்று சொல்லலாம். 2018-ல் அப்படி நடந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியச் சட்டங்கள் ஸ்காட்லாந்தில் தொடர்வதற்கான மசோதா வந்தபோது, இது நம் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சபாநாயகர் கென் மெக்கின்டாஷ் எழுதிவிட்டார். அரசுத் தரப்பின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்ட் அட்வகேட் ஜேம்ஸ் வுல்ஃப் எழுந்து, உட்பட்டதுதான் என்று அவையில் வாதாடினார். சபாநாயகர் கருத்து மசோதாவைத் தடுக்காது. அவை 95-க்கு 32 என்று நிறைவேற்றியது. ஆனால் சண்டைக்கு வருபவர்களுக்கு அது முதல் ஆயுதமாகிவிட்டது.

அங்கே ஆளுநர் உண்டா? அவர் மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா?
— இதே கேள்வி மதுரை, சேலம், புதுச்சேரி, சென்னையிலிருந்து

கேட்காமல் இருப்பீர்களா! ஆளுநர் கிடையாது. மன்னரின் இசைவு வேண்டும், அது சம்பிரதாயம். நம் ஊர் ஆளுநர் வழக்குகள் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே வேண்டிய அளவு வந்துவிட்டது, நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் லண்டனுக்குத் தடுக்க வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் கெடு இருக்கிறது. மசோதா நிறைவேறிய நாளிலிருந்து நாலு வாரம். அதற்குள் அரசாங்கச் சட்ட அதிகாரிகள், அதாவது லண்டன் தரப்பிலோ எடின்பரோ தரப்பிலோ, ஸ்காட்லாந்து சட்டத்தின் 33-வது பிரிவின்படி லண்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்: இது அதிகாரத்துக்கு உட்பட்டதா, சொல்லுங்கள் என்று. அல்லது ஸ்காட்லாந்துக்கான லண்டன் அமைச்சர் 35-வது பிரிவின்படி, இசைவுக்கு அனுப்பாதே என்று ஆணை போடலாம். நாலு வாரத்துக்குள் ஒன்றும் செய்யவில்லையா, மசோதா மன்னரிடம் போய்விடும். அனுப்ப மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கும் முன்பே போகும். பெரும்பாலான மசோதாக்கள் எந்தச் சலசலப்பும் இல்லாமல் இப்படித்தான் போகின்றன. அறிமுகத்துக்கு முன்பே இரு தரப்பு வக்கீல்களும் வரைவைப் பார்த்துக் கடிதம் எழுதிக்கொள்வார்கள்.

35-வது பிரிவு கொஞ்சம் கடுமையானது. 33-ல் கேள்வி, எடின்பரோவுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது. 35-ல், அதிகாரம் இருக்கட்டும், ஆனால் உங்கள் சட்டம் எங்கள் வேலியைத் தாண்டி எங்கள் சட்டத்தின் நடைமுறையைக் கெடுக்கிறது என்று அமைச்சர் நியாயமாக நம்பினால் போதும். 1998-லிருந்து ஏட்டில் இருந்த அந்தப் பிரிவை முதன்முதலாக 2023-ல்தான் எடுத்தார்கள். பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதா. சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள மருத்துவர் சான்று வேண்டாம், வயது 18-லிருந்து 16 என்றெல்லாம் அது சொன்னது. நள்ளிரவு தாண்டியும் அவை உட்கார்ந்து திருத்தங்களை அலசி, 2022 டிசம்பர் 22 அன்று 86-க்கு 39 என்று நிறைவேற்றியது. அன்றிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜனவரி 18-ல் கெடு முடிகிறது. அமைச்சர் அலிஸ்டர் ஜாக் ஜனவரி 17-ல் ஆணை போட்டார். பிரிட்டன் முழுக்கப் பொதுவான 2010 சமத்துவச் சட்டத்தை இது பாதிக்கிறது என்பது அவர் காரணம்.

எடின்பரோ அரசு நீதிமன்றம் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் 8-ல் எடின்பரோவின் செஷன் நீதிமன்ற (நம் செஷன்ஸ் கோர்ட் அல்ல, ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றம்) நீதிபதி லேடி ஹால்டேன், ஆணை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. மசோதாவின் கொள்கை பற்றி உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் கருத்து இருக்கலாம். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நான் கவனித்தது நடைமுறையை. லண்டன் காரணத்தை எழுதி வெளியிட்டது. அந்தக் காரணத்தை நீதிபதி எடைபோட்டார். ஓராண்டுக்குள் விஷயம் முடிந்தது. தோற்றவர்களுக்குக் கோபம் இருந்தது. ஆனால் மசோதா எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று யாரும் தேடவில்லை.

உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டால் மசோதா செத்ததா?
— வழக்கறிஞர், நாகர்கோவில்

இல்லை, வக்கீல் சார். அவைக்குத் திரும்பும். மறுபரிசீலனை என்று தனி நிலையே இருக்கிறது. ஓட்டையை மட்டும் அடைத்து மறுபடி நிறைவேற்றலாம்.

நல்ல உதாரணம் குழந்தைகள் உரிமை மசோதா. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஸ்காட்லாந்துச் சட்டமாக்கும் அதை 2021 மார்ச் 16 அன்று ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றினார்கள். எல்லாக் கட்சியும் ஒன்றாக நின்ற மசோதாவை லண்டன் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனது என்றால் எடின்பரோவில் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அக்டோபர் 6-ல் வந்த தீர்ப்பு ஒருமனதாக லண்டன் பக்கம். வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றம், போட்ட சட்டங்களையும் இந்த உடன்படிக்கையோடு உரசிப் பார்க்க நீதிமன்றங்களுக்கு மசோதா அதிகாரம் கொடுத்திருந்தது. அங்கேதான் ஸ்காட்லாந்து சட்டத்தின் 28-வது பிரிவின் ஏழாவது உட்பிரிவு வந்து நிற்கிறது. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் லண்டன் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை இந்தப் பிரிவு பாதிக்காது என்று சொல்லும் ஒரே வரி அது. நான்காவது அட்டவணையின் காவலில் இருக்கும் வரி. எடின்பரோவின் எந்தச் சட்டமும் அந்த அதிகாரத்துக்கு நிபந்தனை போட முடியாது. பிறகு மசோதாவை, எடின்பரோ போட்ட சட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கி, 2023 டிசம்பர் 7-ல் மறுபடி ஒருமனதாக நிறைவேற்றினார்கள். 2024 ஜூலை 16-ல் நடைமுறைக்கு வந்தது. திருத்தி எழுத இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது எடின்பரோ அரசின் சோம்பல் என்றே நான் சொல்வேன். கெடு லண்டனுக்குத்தான் உண்டு, அவர்களுக்கு இல்லை.

மேலே சொன்ன 2018 பிரெக்ஸிட் மசோதா வேறு கதை. அது மார்ச் 21-ல் நிறைவேறியது. ஏப்ரலில் லண்டன் உச்ச நீதிமன்றம் போயிற்று. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 26-ல், லண்டன் தன் சொந்தப் பிரெக்ஸிட் சட்டத்துக்கு இசைவு வாங்கி, அந்தச் சட்டத்தையும் நான்காவது அட்டவணையின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது. டிசம்பர் 13-ல் தீர்ப்பு. நிறைவேறிய நாளில், தன் 17-வது பிரிவைத் தவிர, மசோதா அதிகாரத்துக்கு உட்பட்டே இருந்தது. ஆனால் இடையில் வந்த ஜூன் சட்டத்தால் இன்னும் பல பகுதிகள் செல்லாதவை ஆகிவிட்டன என்றது. கபடி ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு அணி நடுக்கோட்டை நகர்த்தியது மாதிரி. நகர்த்த அவர்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் சட்டம். அந்த மசோதா அப்படியே கைவிடப்பட்டது.

நாலு வாரக் கெடு மசோதாவைத் தான் காப்பாற்றும். மன்றத்தின் எல்லையைக் காப்பாற்ற எந்தக் கெடுவும் இல்லை.

எடின்பரோவுக்குக் கொடுத்துவிட்ட விஷயத்தில் லண்டன் சட்டம் போடலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

போடலாம். போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1998 ஜூலையில் பிரபுக்கள் சபையில் லார்ட் சூவல் என்ற அமைச்சர், ஸ்காட்லாந்து மன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் சாதாரணமாக அந்த விஷயங்களில் சட்டம் இயற்றாது என்றார். அது சூவல் மரபு என்று பெயர் பெற்றது. அதன்படி எடின்பரோ சம்மதத் தீர்மானம் நிறைவேற்றும். இப்படி நூற்றுக்கும் மேல் தீர்மானங்கள் அமைதியாகப் போயிருக்கின்றன. பல நேரம் எடின்பரோவே, நீங்களே சேர்த்துப் போட்டுவிடுங்கள், எங்களுக்கு வேலை மிச்சம் என்று சொல்லும்.

2016-ல் அந்த மரபைச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆஹா, இனி உறுதி என்று எல்லோரும் நினைத்தார்கள். 2017 ஜனவரியில் பிரெக்ஸிட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் சொன்னார்கள்: இது அரசியல் மரபு, எழுதிவைத்தாலும் மரபுதான், இதை நாங்கள் அமல்படுத்த முடியாது. அடுத்த ஆண்டு மே 15-ல் பிரெக்ஸிட் சட்டத்துக்கு எடின்பரோ 93-க்கு 30 என்று சம்மதம் மறுத்தது. லண்டன் அதைக் கடந்து போய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூன் 26 என்று மேலே சொன்னேனே, அதே சட்டம்.

'சாதாரணமாக' என்ற சொல்லுக்குள் எத்தனை பெரிய வாசல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டில் வரி எப்படி?
— மதுரையிலிருந்து ஒரு பழைய மாணவி

அவளிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். சம்பளத்தின் மீதான வருமான வரி விகிதமும் அடுக்கும் 2017 ஏப்ரலிலிருந்து எடின்பரோவின் கையில். இங்கிலாந்தில் மூன்று அடுக்கு, அங்கே ஆறு. மேல் அடுக்கு இங்கிலாந்தில் 45 சதவீதம், ஸ்காட்லாந்தில் 48. பதிலுக்குப் பேரன் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் இல்லை என்று நான் அவளுக்கு நினைவூட்டுவேன். அவனுக்கு வயது ஏழு.

கண்ணாடி பாட்டில் சண்டை என்று எங்கோ படித்தேன். ஒரு பாட்டிலுக்காகவா இரண்டு அரசும் முட்டிக்கொண்டன?
— மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ஆமாம் அண்ணாச்சி, பாட்டிலுக்காகத்தான். உங்களுக்கு இது நன்றாகப் புரியும். நம் ஊரில் சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவோமே, அதே ஏற்பாட்டை நாடு முழுக்கச் சட்டமாக்கினார்கள். பானம் வாங்கினால் 20 பென்ஸ் கூடுதல். பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி எதுவானாலும் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 20 பென்ஸ் வாபஸ். சுற்றுச்சூழல் எடின்பரோவின் அதிகாரம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2020 மே மாதமே விதிகள் நிறைவேறிவிட்டன.

அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன், உள்நாட்டுச் சந்தைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. பிரிட்டனின் ஒரு பகுதியில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை இன்னொரு பகுதியில் விற்கவும் தடை கூடாது என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு உள்நாட்டுச் சந்தை சிதறக் கூடாது என்ற வாதம். இந்தச் சட்டத்துக்கும் எடின்பரோ சம்மதம் மறுத்திருந்தது. இதனால் எடின்பரோவின் அதிகாரம் ஏட்டில் குறையவே இல்லை. விதி போடலாம், ஆனால் இங்கிலாந்திலிருந்து லாரியில் வரும் பாட்டில் மீது அந்த விதி பாயாது. அப்படியானால் விதி போட்டு என்ன பயன்? லண்டனிடம் விலக்குக் கேட்க வேண்டும். 2022-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். பாட்டில் திட்டத்துக்கு 2023 மே மாதக் கடைசியில் கொடுத்தார்கள், ஆனால் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. திட்டத்தின் கணக்கு முழுக்கக் கண்ணாடியையும் சேர்த்துப் போட்டது. ஜூன் 7-ல் அமைச்சர் லோர்னா ஸ்லேட்டர் திட்டத்தைத் தள்ளிவைத்தார். அதை நடத்த அமைத்த நிறுவனம் அதே மாதம் மூழ்கியது.

எடின்பரோ அரசும் திட்டத்தைச் சொதப்பியிருந்தது என்பதை மறைக்க வேண்டாம். தேதி ஏற்கெனவே பலமுறை தள்ளிப் போயிருந்தது, சிறு கடைக்காரர்கள் காலி பாட்டிலை எங்கே அடுக்குவது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள்தான். ஆனாலும் இந்தச் சண்டைக்காக இரண்டு அரசும் நீதிமன்றமே போகவில்லை என்பதைப் பாருங்கள். 33-வது பிரிவும் வேண்டியிருக்கவில்லை, 35-ம் வேண்டியிருக்கவில்லை.

தனியார் யாராவது வழக்குப் போட்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தைத் தடுக்க முடியுமா?
— சட்ட மாணவர், செங்கல்பட்டு

முடியும். லண்டன் நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. எடின்பரோ சட்டத்தை, அதிகாரம் மீறியிருந்தால், செல்லாது என்று சொல்லலாம். மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்த 2012 சட்டத்தை ஸ்காட்ச் விஸ்கி சங்கம் எதிர்த்தது. லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2017 நவம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2018 மே 1-ல் நடைமுறை. ஒரு யூனிட் ஆல்கஹாலுக்கு (10 மில்லி தூய ஆல்கஹால்) 50 பென்ஸ், அதாவது 7.5 சதவீத மூன்று லிட்டர் சைடர் (ஆப்பிள் மது) பாட்டில் 11.25 பவுனுக்குக் குறையக் கூடாது. அதுவரை அதில் பாதி விலைக்கும் கீழே கிடைத்துக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 30 முதல் யூனிட்டுக்கு 65 பென்ஸ். ஐந்து ஆண்டு வழக்காடித் தோற்ற விஸ்கி சங்கத்துக்கு விஸ்கி விலையில் பெரிய பாதிப்பு இல்லை. அடிபட்டது மலிவு சைடர்தான்.

ஸ்காட்லாந்து தனி நாடாகப் பிரிவது பற்றிய மறு வாக்கெடுப்பு என்ன ஆயிற்று?
— வாசகர், யாழ்ப்பாணம்

2014-ல் நடந்தது லண்டனின் சம்மதத்தோடு. 2012 அக்டோபரில் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டு, 30-வது பிரிவின்படி அதிகாரத்தைத் தற்காலிகமாக மாற்றிக் கொடுத்தார்கள். 55.3 சதவீதம் பிரியவேண்டாம் என்றார்கள். இரண்டாவது முறை லண்டன் சம்மதிக்கவில்லை. ஆலோசனைக்கான வாக்கெடுப்பை நாங்களே நடத்தலாமா என்று லார்ட் அட்வகேட் டோரதி பெய்ன், மசோதா அறிமுகமாகும் முன்பே உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 2022 நவம்பர் 23-ல் ஐந்து நீதிபதிகளும் முடியாது என்றார்கள். ஆலோசனை என்று பெயர் வைத்தாலும் அதன் அரசியல் விளைவு ஒன்றியத்தைத் தொடும், ஒன்றியம் லண்டனின் பட்டியலில் இருக்கிறது என்பது காரணம். இந்த வழக்கை நான் மாணவர்களுக்குக் கொடுப்பேன், தீர்ப்புக்காக அல்ல. கேள்வியை மசோதாவுக்கு முன்பே கேட்ட விதத்துக்காக. தன் அரசு தர வேண்டிய சான்றுக்கு ஒப்புதல் கொடுக்க அந்த அம்மாவுக்கே நம்பிக்கை போதவில்லை.

மொத்தத்தில் நம் மாநிலச் சட்டமன்றத்தைவிட அது பலமானதா?
— ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்

அன்றாட வேலையில் ஆமாம். எஞ்சிய அதிகாரம் அவர்களிடம், மசோதாவைக் கிடப்பில் போட ஆளில்லை, நம் 356-வது பிரிவு போல மன்றத்தைக் கலைத்துவிட்டு லண்டன் ஆட்சியை நேரடியாக எடுக்க ஸ்காட்லாந்து சட்டத்தில் வழி இல்லை. வட அயர்லாந்தில் அப்படி நடந்திருக்கிறது, 1972-ல்.

அடித்தளத்தில் இல்லை. நம் மாநிலப் பட்டியலை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஸ்காட்லாந்தின் பட்டியலை லண்டன் ஒரு சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் மன்றத்தை ஒழிக்க மாட்டோம் என்று 2016-ல் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்; அந்த வரியும் லண்டன் போட்ட வரிதான். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், அவர்களுடைய கெடுவும் நம்முடைய அடித்தளமும் வேண்டும் என்பேன். அப்படி ஒரு கடை எங்கும் இல்லை.

அடுத்த ஆண்டு எடின்பரோ போகிறோம். மன்றத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமா? கட்டடத்துக்கு ஏகப்பட்ட செலவு என்கிறார்களே?
— தம்பதி, சென்னை

செலவு 414 மில்லியன் பவுன். 1997-ல் சொன்ன மதிப்பீடு 10-லிருந்து 40 மில்லியன் வரை. வடிவமைத்த என்ரிக் மிராயெஸும், முதல் முதல்வர் டொனால்ட் டியூவரும் 2000-லேயே இறந்துவிட்டார்கள், 2004-ல்தான் திறந்தார்கள். விசாரணைக் குழுவெல்லாம் போட்டார்கள். எனக்குக் கட்டடம் பிடிக்கும், மகளுக்குப் பிடிக்காது.

பார்வையாளர் மாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், கோடை விடுமுறை, காலி நாற்காலிதான் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் வேலை நாட்கள். மாலை 5 மணி வாக்கில் 'முடிவு நேரம்' என்று அன்றைய வாக்கெடுப்புகளை மொத்தமாக நடத்துவார்கள். மேசையில் உள்ள பொத்தானை அழுத்தினால் சில நொடியில் எண் தெரிந்துவிடும். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் போவார்கள். நீங்கள் காலையிலேயே போய் ஏதாவது ஒரு குழுவில் உட்காருங்கள். ஒரு மீனவரோ நர்ஸோ சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார், உறுப்பினர் ஒருவர் மசோதாவின் 14-வது பிரிவைப் புரட்டிக்கொண்டு, அப்படியானால் இந்த வரி உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பார். மழைக்கோட்டை மறக்க வேண்டாம்.